மைனஸ் பதினைந்து

ஆஸ்த்ராவாவில் ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானி
மைனஸ் பதினைந்து என்கிறது.
மேசைமேல் கிடக்கும் என் பலகையோ
அதை மட்டும் தரமாட்டேன் என்கிறது.

பிளஸ் பக்கம் சமர்த்து.
பதினைந்து புள்ளி பூஜ்யம் இரண்டு.
மைனஸ் பக்கம் மூன்று, இரண்டரை, மறுபடி மூன்று,
கடன் வாங்கியவன் தவணை சொல்வதைப் போல.

நாலேகாலுக்குப் பணிமனையிலிருந்து
ட்ராமை எடுக்கவேண்டும்.
இப்போது மணி ஒன்று.
தூங்குகிற ஜென்மமாக இருந்தால்
இதை ஆரம்பித்தே இருக்கமாட்டேன்.

பெட்டி, உடைக்கப் போன ட்ராமில்
கதவைத் திறந்து மூடிய கருவியின் ஓடு.
கேட்டுத்தான் வாங்கினேன், கையெழுத்தும் போட்டேன்.
'சாய்ந்து நிற்காதீர்' என்று மூடியில் இருந்தது.
அந்த வரியின் நடுவில்தான்
வால்யூம் திருகுக்கு ஓட்டை போட்டேன்.
வட்ட ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் புதிது.
கெப்பாசிட்டர்கள் க்வெதாவின் தம்பி கொடுத்தவை.
பரிசு என்றான். பிறகு காசும் கேட்டான்.

மைனஸ் ரெகுலேட்டரின் முதுகில் விரல் வைத்தேன்.
அழகுக்குச் சொல்லவில்லை,
தோல் ஒட்டிக்கொண்டது.
ஜன்னலைத் திறந்து
விளிம்பிலிருந்த பனியில் விரலைச் செருகியபடி
நின்றேன், யோசித்தேன்.

பிளஸ்காரனுக்கு மூன்று கால்:
வரவு, தரை, செலவு.
மைனஸ்காரனுக்கும் மூன்று.
அதே உயரம், அதே கறுப்புச் சட்டை.
உடன்பிறப்புதானே என்று
அதே வரிசையில் பற்றவைத்துவிட்டேன்.
தாளை எடுத்துப் பார்த்தால்
இவன் தரை, வரவு, செலவு.
வாங்குமுன் காலூன்றிக்கொள்கிறவன்.

எனக்கும் என் இரட்டை த்ரஹோமீராவுக்கும்
அப்பா எப்போதும் ஒரே அளவில் செருப்பு வாங்குவார்.
அவளுக்கு அது கடித்ததாம்.
இருபது வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில்,
கேக் தட்டோடு நின்றுகொண்டு சொன்னாள்.

செத்தவனைப் பிடுங்கினேன்.
நல்லவேளை, ஆப்-ஆம்பை இன்னும் சொருகவில்லை.
புதியவனின் கால்களை ஒன்றின்மேல் ஒன்று மடக்கி,
நடுவில் ரப்பர் குழாய் மாட்டி, ஈயம் வைத்தேன்.
மைனஸ் பதினான்கு புள்ளி ஒன்பது எட்டு.
வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்
ஏறக்குறைய ஒரே கணக்கு.

பிறகு ஸ்பீக்கரில் வண்டு.
நூறு இல்லை, ஐம்பது. ஒரு ஸ்தாயி கீழே.
நூறென்றால் மின்சாரத்தை வடிகட்டுகிற இடத்தில் குற்றம்.
ஐம்பதென்றால் தரைக்கம்பி எங்கோ சுற்றிவந்து
தன் வாலைத் தானே பிடித்திருக்கிறது.
இடது சாக்கெட் பெட்டியைத் தொட்டது. வலதும் தொட்டது.
இரண்டுக்கும் அடியில் பிளாஸ்டிக் வளையம் போட்டு,
எல்லாத் தரையையும் ஒரே திருகாணிக்குக் கொண்டுவந்தேன்.
மணி இரண்டே முக்கால்.

வால்யூமைக் கடைசிவரை திருகினேன்.
மெல்ல, இன்னும், ம்ம்ம்.
உள்ளே வரும் வயரைக் கழற்றினேன். ம்ம்ம்.
பெட்டியை அணைத்தேன், ஆம்ப்ளிஃபயரையும். ம்ம்ம்.
பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
ம்ம்ம்.

சமையலறையில் ஃபிரிட்ஜ்.

அதையும் பிடுங்கினேன்.
பெட்டிக்கு மறுபடி உயிர் கொடுத்தேன்.
முழு வால்யூமில் ஒன்றுமில்லை.
காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால்
மாவு சலிக்கிற மாதிரி ஏதோ, அவ்வளவுதான்.
கீழ்வீட்டு வ்லாஸ்திமில் இருமுவது கேட்டது,
துடைப்பக் கட்டையோடு காத்திருந்திருப்பார், பாவம்.
ரெக்கார்டு எதுவும் போடவில்லை.
ஒன்றுமில்லாததையே அரைமணி நேரம் கேட்டேன்.
பிறகு பூட்ஸ், கையுறை, வேலை.

மத்தியானம் திரும்பிவந்து கதவைத் திறந்ததும் வாடை.
ஃபிரிட்ஜின் பிளக் தரையில்,
நான் விட்ட இடத்திலேயே.
ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிய மீன் போயிற்று.

எடுத்து ஜன்னல் விளிம்பிலாவது வைத்திருக்கலாம்.
அங்கே மைனஸ் பதினைந்து
இராமுழுக்கச் சும்மா கிடந்தது.